மூன்றாவது மகனின் கட்டம்

எங்கள் வீட்டு பீரோவில் ஒரு நீளத் தாள் இருக்கிறது. இரண்டு ஓரத்திலும் வரிசையாக ஓட்டை போட்ட, மடிப்பு மடிப்பாக விரியும் பழைய கம்ப்யூட்டர் தாள். கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியின் சரக்கு அனுப்பும் பிரிவில் இருந்தபோது, மேலாளர் சாப்பிடப் போன நேரம் பார்த்து நான் அச்செடுத்தது. எங்கள் வம்சத்து ஆட்களெல்லாம் அதில் கட்டம் கட்டமாக உட்கார்ந்திருக்கிறார்கள். அந்த பிரிண்டருக்குத் தமிழ் வராது என்பதால் அத்தனை பேரும் இங்கிலீஷ் எழுத்தில். தாத்தாவின் தாத்தாவுக்கு மூன்று மகன்கள். இரண்டு பேருக்குப் பெயர் இருக்கிறது. மூன்றாவது கட்டத்தில் வெறும் கேள்விக்குறி. அதற்குக் கீழே யாரோ பென்சிலால் எழுதி அழித்த தடம். யாரோ என்று எழுதிவிட்டேன் பாருங்கள். யார் என்று எனக்கு நன்றாகத் தெரியும். என் தங்கை.

ஃபோனில் இணையம் எட்டிப்பார்க்காத காலம் அது. நண்பர்களைத் தேடிப் பிடித்துச் சேர்த்துக்கொள்ளும் ஒரு தளத்தில் அப்போது ஊரே கிடந்தது. பிற்பாடு அதை இழுத்து மூடிவிட்டார்கள். மற்றவர்கள் அதில் பள்ளிக்கூடத்து சிநேகிதர்களைத் தேடினார்கள், நான் முன்னோர்களைத் தேடினேன். எங்கள் குலதெய்வத்தின் பெயரில் ஒரு குழு ஆரம்பித்து, இந்த சாமியைக் கும்பிடுகிறவர்கள் யார் யார், எங்கெங்கே இருக்கிறீர்கள் என்று எழுதிப் போட்டேன். துபாயிலிருந்து ஒருவர், பெங்களூரிலிருந்து ஒருவர் என்று பதில் வர வர எனக்குத் தலைகால் புரியவில்லை. வாரக்கடைசியில் திருவள்ளூர் பக்கத்து எங்கள் ஊருக்கு வந்தால், தாளைக் கூடத்தில் விரித்துப் போட்டு நைனாவை, அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம், கேள்வி கேட்டே துளைத்துவிடுவேன். மூன்றாவது மகனைப் பற்றிக் கேட்டால் மட்டும் நைனா, “அவரு கோச்சிக்கினு எங்கியோ போயிட்டாருடா, அத்தோட சரி” என்பார். தங்கை பக்கத்தில் உட்கார்ந்து, விட்டுப்போன இடத்துக்கெல்லாம் ஸ்கேல் வைத்துக் கோடு இழுத்துக் கொடுப்பாள்.

அவள் வேதியியல் படித்து முடித்திருந்தாள். கும்மிடிப்பூண்டியில் ஒரு பெயிண்ட் கம்பெனியின் லேபில் அவளுக்கு வேலை கிடைத்த அதே மாதம், ஆர்.கே.பேட்டையிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். நெல் விளையும் நிலம், சொந்தமாக உரக்கடை, நல்ல மனிதர்கள். ஒரே ஒரு நிபந்தனை, வேலைக்குப் போகிற பெண் வேண்டாம். நைனா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை, தட்டு மாற்றிவிட்டார்கள். அவள் நைனாவிடம் சொல்லிப் பார்த்தாள், அம்மாவிடம் அழுது பார்த்தாள். கடைசியில் நான் வேலைக்குக் கிளம்பும்போது பஸ் ஸ்டாப் வரை கூடவே நடந்து வந்து, “அண்ணா, நைனாகிட்ட நீ ஒரு வார்த்த சொல்லேன், நீ சொன்னா கேப்பாரு” என்றாள். “மொதல்ல கல்யாணம் முடியட்டும் பாப்பா, அப்பறம் பாத்துக்கலாம்” என்றேன். பெரிய மனுஷன் பதில்! அவள் அதற்கு மேல் கேட்கவில்லை.

தட்டு மாற்றிய பிறகு நைனாவை அசைக்க ஒன்றே ஒன்றால்தான் முடியும். எங்கள் ஒன்றுவிட்ட அக்கா ஒருத்தியின் கல்யாணத்தில், மாப்பிள்ளை வீட்டாரும் நாங்களும் ஒரே வம்சத்துப் பங்காளிகள் என்று முதல் நாள் சாயங்காலம்தான் தெரிய வந்தது. பங்காளி என்றால் மாப்பிள்ளை பெண்ணுக்கு அண்ணன் முறை. பந்தல் போட்டு, சமையல்காரர்கள் வந்து இறங்கிய பிறகு, “அண்ணன் தங்கச்சிக்கு யார்னா கல்யாணம் பண்ணுவாங்களா? எய்ந்திருங்க எல்லாரும்” என்று துண்டை உதறிக்கொண்டு முதலில் எழுந்தவர் நைனாதான். நானும் தங்கையும் அப்போது சின்னப் பிள்ளைகள். அந்தப் பந்தலைப் பிரிப்பதை இரண்டு பேரும் நின்று பார்த்தோம்.

தங்கை கல்யாணத்துக்குப் பதினைந்து நாள் இருக்கும்போது, அந்தத் தளத்தில் என் பக்கத்தில் ஒரு செய்தி வந்து விழுந்தது. எழுதியவருக்கு முகம் இல்லை. முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மல்லிகைப்பூ. உங்கள் தாத்தாவின் தாத்தாவுக்கு மூன்றாவதாக ஒரு மகன் உண்டு, அவர் கோபித்துக்கொண்டு ஆர்.கே.பேட்டை போய் மாமனார் வீட்டோடு தங்கிவிட்டார், அவர்கள் சாமியையே கும்பிட்டார், அவர்தான் உங்கள் மாப்பிள்ளையின் கொள்ளுத் தாத்தா, நீங்கள் பங்காளிகள், கல்யாணத்தை நிறுத்துங்கள். அதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். பத்திரிகை கொடுத்து முடித்தாகிவிட்டது.

அந்தத் தளத்தில் ஒருவருக்கு எழுதுவதை யார் வேண்டுமானாலும் படிக்கலாம். மாப்பிள்ளையின் தம்பியும் என்னோடு அதில் சேர்ந்திருந்தான். அவன் கண்ணில் பட்டுவிட்டால்? ‘யார் நீங்கள், ஃபோன் நம்பர் கொடுங்கள்’ என்று எழுதினேன், பதில் இல்லை. ஆனால் நம் பக்கத்தை யார் வந்து பார்த்தார்கள் என்று அது காட்டும். தினமும் மல்லிகைப்பூ வந்து பார்த்துவிட்டுப் போனது. ஒரு லாரியின் சீட்டை இன்னொரு லாரிக்குக் கொடுத்து மேலாளரிடம் திட்டு வாங்கினேன். நைனாவிடம் சொன்னால் கல்யாணம் அந்த நிமிடமே நிற்கும். கல்யாணம் நின்ற பெண் என்று ஊர் வாயில் விழுவாள். சொல்லாவிட்டால் அண்ணன் முறைக்காரனுக்குக் கட்டிக்கொடுத்த பாவம் என் தலையில். மாப்பிள்ளை வீட்டில் விசாரிக்கலாம் என்றால், விசாரித்தாலே விஷயம் வெளியே வந்துவிடும். மூன்று நாள் தவித்துவிட்டு அந்தச் செய்தியை அழித்தேன். மறுநாள் இன்னொன்று வந்தது: ‘உங்கள் தங்கச்சி வாழ்க்கை. அப்பாவிடம் சொல்லுங்கள்.’ அதையும் அழித்து, கணக்கையே மூடிவிட்டேன். அவளைக் காப்பாற்றிவிட்டேன் என்றுதான் நினைத்தேன், சத்தியமாக.

அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்குச் சோறு போட்டுக்கொண்டே கேட்டாள்: “கம்ப்யூட்டர்ல புச்சா யார்னா கெடச்சாங்களாண்ணா?”

சோற்றைப் பிசைந்தபடியே “யாரும் இல்லியே” என்றேன்.

“அந்த மூணாவது பையன் ஊட்டு ஆளுங்க?”

“அதெல்லாம் ஒன்னும் இல்ல பாப்பா. நான் அதயெல்லாம் உட்டுட்டேன்.”

கரண்டியைப் பிடித்தபடி என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு “சரிண்ணா” என்று ரசம் ஊற்றினாள். கல்யாணப் பெண்ணுக்கு வருகிற கலக்கம் என்று நானாக நினைத்துக்கொண்டேன்.

கல்யாணத்தன்று தெரியாத முகம் யார் வந்தாலும், இவன்தானோ அந்த மல்லிகைப்பூக்காரன் என்று பின்னாலேயே போய் நின்றேன். மூன்றாவது முடிச்சு விழுந்த பிறகுதான் மூச்சு வந்தது. ஆனால் பயம் போகவில்லை. அவள் உண்டானபோது, குழந்தை நல்லபடியாகப் பிறக்க வேண்டுமே என்று நான் வேண்டிக்கொள்ளாத சாமி இல்லை. குழந்தைக்குக் காய்ச்சல் என்று தகவல் வந்தால்கூட என்னால்தான் என்று தோன்றும். தாங்க முடியாமல், குழந்தையின் முதல் பிறந்தநாளுக்கு ஆர்.கே.பேட்டை போனபோது மாப்பிள்ளையின் தாத்தாவிடம் மெல்லப் பேச்சுக் கொடுத்தேன். “எங்கப்பா, எங்க தாத்தா எல்லாரும் பொறந்து வளந்தது இங்கதான் தம்பி. கோயில் கல்லுல எங்க தாத்தா பேரு கீது, போய்ப் பாரு” என்றார். ஓடிப்போய்ப் பார்த்தேன். இருந்தது. அப்படியானால் மல்லிகைப்பூ எழுதியது அத்தனையும் பொய். அப்பாடா என்று கோயில் வாசலில் உட்கார்ந்தேன். உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. இணையத்தில் நான் மூன்றாவது மகனைப் பற்றி ஒரு வரிகூட எழுதியதில்லை. அந்தக் கேள்விக்குறி இருந்தது எங்கள் கூடத்தில் விரித்த தாளில் மட்டும்தான்.

வீட்டுக்குத் திரும்பியபோது தங்கை பின்பக்கம் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். “பாப்பா, அந்த மல்லிப்பூ...” என்று ஆரம்பித்ததுமே நிமிர்ந்தாள். “நான்தாண்ணா. ஸ்டேஷனாண்ட பிரௌசிங் சென்டர்ல குந்திகினு எழுதினேன். நைனாகிட்ட அது ஒன்னுதான் எடுபடும். விசாரிக்கிறேன்னு ரெண்டு மாசம் தள்ளிப் போட்டாருன்னா, நான் வேலைல சேந்துட்டிருப்பேன்.” குரலில் கோபம்கூட இல்லை. எனக்குத்தான் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. “நேரா கேட்டேன், நீ சொல்லல. பொய் சொன்னேன், அத அழிச்சிட்ட. அதுகூடப் போவட்டும். எங்கிட்ட வந்து, பாப்பா, இப்டி ஒருத்தன் எழுதிகிறான், நீ இன்னா சொல்றன்னு ஒரு வார்த்த கேப்பன்னு பாத்தேண்ணா. சோறு போட்டுக்கினே நானே வாயத் தொறந்தும் பாத்தேன்.”

அவள் நன்றாகத்தான் இருக்கிறாள். மாப்பிள்ளை தங்கமானவர், உரக்கடையே இப்போது அவள் கையில்தான் ஓடுகிறது. எந்த மண்ணுக்கு எது போட வேண்டும் என்று அவளிடம் கேட்டுத்தான் வாங்குகிறார்களாம். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்த லேப் ஞாபகம் வந்துவிடும்.

போன வாரம் அவள் மகள் வந்திருந்தாள். காலேஜில் படிக்கிறாள். ஃபோனிலேயே வம்சத்தைத் தேடிக்கொண்டிருக்கிறாளாம், என் தாள் வேண்டும் என்றாள். பீரோவிலிருந்து எடுத்து விரித்தேன். ஒவ்வொரு கட்டமாகப் படம் எடுத்துக்கொண்டு வந்தவள், கேள்விக்குறிக்குக் கீழே இருந்த பென்சில் தடத்தில் விரலை வைத்தாள்.

“இதுல இன்னாவோ எழுதி அழிச்சிகிது மாமா. யாரு எழுதினது?”

“உங்கம்மா.”

“எதுக்காம்? நீங்க கேக்கலியா?”

“கேக்கலம்மா” என்றேன். “கேக்க வேண்டிய நேரத்துல நான் கேக்கல.”