கணினி எழுந்து வரும் வரை

பக்கவாதம் வந்து ஐந்து மாதம் கழித்து என் அண்ணன் மறுபடி வேலைக்குத் திரும்பினார். மலேசியாவின் கிள்ளானில் அவர் வீட்டு ஹாலில் இருந்த கணினிதான் இனி அவருடைய அலுவலகம். அதற்கு முன் பல வருடங்கள் போர்ட் கிள்ளான் துறைமுகக் கிடங்கு ஒன்றில் லோரிகளை அனுப்பும் பிரிவில் இருந்தவர். எந்த லோரி எந்தக் கண்டெய்னரை எடுக்க வேண்டும் என்ற பட்டியலைக் காலை எட்டு மணிக்குள் தட்டி அனுப்பினால் போதும் என்று முதலாளி சொல்லியிருந்தார். வலது கை சரியாக வரவில்லை. பேச்சும் இழுத்து இழுத்துத்தான் வந்தது.

ஆரம்பத்திலிருந்தே பட்டியல் தாமதமாகத்தான் போனது. சில வாரங்களில் கிடங்கிலிருந்து அண்ணிக்கு போன் வந்தது. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் வேலையில் இருந்த என்னை அண்ணி அழைத்தார்.

"முன்ன மாதிரி அவரால முடியலம்மா. கேட்டா கம்ப்யூட்டர் ஸ்லோன்னு சொல்றாரு. பாவம், வேற என்ன சொல்லுவாரு?"

நானும் அப்படித்தான் நினைத்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமை போய், "கஷ்டமா இருந்தா விட்டுடலாம் லா, அண்ணே. யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க" என்றேன்.

"நான்... ஸ்லோ இல்ல. கம்ப்யூட்டர்" என்றார்.

குழந்தையிடம் ஆட்டுவதுபோல் தலையாட்டினேன். நினைத்தால் இன்றும் கூசுகிறது.

அடுத்த மாதம் அவரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக முதல் நாளே அங்கு தங்கினேன். காலை ஏழு மணிக்கு அவர் இடது கையால் கணினியைப் போட்டுவிட்டுக் காத்திருந்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். திரை வந்தது, ஆனால் எதை அழுத்தினாலும் அசையவில்லை. ஏழே கால். ஏழரை. அண்ணன் கையை மடியில் வைத்துக்கொண்டு திரையையே பார்த்தபடி இருந்தார். தினமும் இப்படித்தான் இருந்திருக்கிறார்.

திரையின் மூலையில் இரண்டு ஆன்டிவைரஸ் படங்கள் சுற்றிக்கொண்டிருந்தன. ஒன்று முன்பே இருந்தது. மற்றது, அவர் ஆஸ்பத்திரியில் இருந்தபோது நான் போட்டது. ஏதோ வைரஸ் எச்சரிக்கை வந்ததென்று பயந்து, கணினியைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் எல்லாக் கோப்புகளையும் சோதிக்கும்படி வைத்துவிட்டு, மறந்தும் போனேன். பழைய கணினி. இரண்டும் ஒரே நேரத்தில் தேட, அது மூச்சுத் திணறிக்கொண்டிருந்தது.

திரை ஒருவழியாக அசைந்ததும் நான் போட்டதை எடுத்துவிட்டேன். முன்பே இருந்ததன் முழுச் சோதனையை மதியச் சாப்பாட்டு நேரத்துக்கு மாற்றினேன். அணைத்து மறுபடி போட்டபோது இரண்டு நிமிடத்துக்குள் பட்டியல் திறந்தது.

"நான் போட்டதுதாண்ணே காரணம். மன்னிச்சிடுங்க."

அவர் திரையிலிருந்து என் பக்கம் திரும்பினார். கோபம் இருந்தது, முகத்தில் தெரிந்தது. பிறகு, "அண்ணிகிட்ட... போய் சொல்லு" என்றார்.

சமையலறைக்குப் போய்ச் சொன்னேன். அண்ணி அடுப்பை அணைத்துவிட்டு ஹாலுக்கு வந்து, அவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அண்ணன் திரும்பிப் பார்க்கவில்லை. இடது கையின் ஒரே விரலால் லோரி எண்களை ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டிருந்தார். எட்டுக்கு இன்னும் சில நிமிடங்கள் இருந்தபோது பட்டியல் போய்ச் சேர்ந்தது.