மகளுக்கு எங்களைத் தெரியாமல் போன காலை

ஏலப்பாறைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் ஜீப் ஓட்டுகிறேன். பிரசவ வலி, பாம்புக்கடி, கொளுந்து எடுக்கும்போது சறுக்கிக் கால் முறிந்தவர்கள் என்று பலரை ஆஸ்பத்திரியில் கொண்டுபோய் இறக்கியிருக்கிறேன். யாருக்கு அவசரம், யாருக்கு இல்லை என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன் என்று எனக்கு ஒரு நினைப்பு இருந்தது.

என் மகள் அப்போது இரண்டாம் வகுப்பு. பள்ளியில் பாதிப் பிள்ளைகளுக்குச் சளிக்காய்ச்சல், அவளுக்கும் வந்தது. டிஸ்பென்சரி மருந்தை இரண்டு நாள் கொடுத்தோம். மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. ஏழு மணிக்கு நெற்றியைத் தொட்டேன், சூடு குறைந்திருந்தது. நிம்மதியாக, பால் விடாத கட்டன் சாயாவோடு வாசலுக்கு வந்தேன். உள்ளேயிருந்து மனைவி கூப்பிட்டாள்.

"ஏங்க, இங்க வாங்க. இவ என்னையப் பாத்துக்கிட்டே அம்மா எங்கன்னு கேக்கா."

மகள் பாயில் உட்கார்ந்து, வெறுங்காற்றில் நூல் பிடுங்குவதுபோல விரல்களை ஆட்டிக்கொண்டிருந்தாள். "நான் யாரு, சொல்லு பாப்போம்" என்றேன். "டீச்சர்" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"காய்ச்சல் விடும்போது பெனாத்தத்தான் செய்யும். கஞ்சியக் குடு, தூங்கட்டும்."

"பெனாத்துனா கண்ண மூடிக்கிட்டுல்லா பெனாத்தும்? இவ முழிச்சிருக்காளே."

அவள் சொன்னது சரி. ஆனால் சர்ச்சுக்குப் போக ஆட்கள் ஜீப்பருகே காத்து நின்றார்கள். நான் போய்விட்டேன். பிறகு ஒரு கல்யாண வீட்டுச் சவாரி. தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் போன் சிக்னல் கிடைக்காது. திரும்பும்போது மணி ஒன்று.

வீட்டுக்குள் அக்கம்பக்கத்துப் பெண்கள் ஜெபம் செய்துகொண்டிருந்தார்கள். மகளை எழுப்ப முடியவில்லை. கிள்ளினால் முகம் சுளித்தாள், கண் திறக்கவில்லை. பாய் நனைந்திருந்தது.

மனைவி ஜீப்பின் பின் சீட்டில் அவளை மடியில் கிடத்திக்கொண்டாள். மூன்றாவது வளைவில் அலறினாள். "வெட்டு வருதுங்க! இரும்பு குடுங்க, இரும்பு!" வலிப்பு வந்தால் கையில் இரும்பு கொடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம். சீட்டுக்கடியில் துழாவி ஸ்பானரைப் பின்னால் நீட்டினேன். கண்ணாடியில் ஒரு சின்னக் கால் உதைத்து உதைத்துத் தெரிந்தது. முன்னால் பனி. நிறுத்தினால் நேரம் போகும். ஓட்டினால் திரும்பிப் பார்க்க முடியாது. அந்தச் சாலையில் எத்தனையோ அப்பன்களிடம் "பயப்படாதீங்க" என்று சொல்லியிருக்கிறேன். அன்று ஹாரனை மட்டும் அழுத்திக்கொண்டே போனேன்.

தாலுக்கா ஆஸ்பத்திரியில் நர்ஸ் மகள் கையிலிருந்த ஸ்பானரை உருவி மேசைமேல் வைத்தார். ஒருச்சாய்த்துப் படுக்கவைத்து மூக்கில் மருந்து அடித்தார். விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தார். "இனி பிட்ஸ் வந்தா இப்பிடிச் சரிச்சுக் கெடத்தணும். கையிலயும் வாயிலயும் ஒண்ணும் வைக்கண்டா" என்று மலையாளம் கலந்த தமிழில் சொன்னார். வெட்டு நின்றது. ஆம்புலன்சில் மலையிறங்கி மெடிக்கல் காலேஜுக்குப் போனோம்.

அங்கே டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வி, குழந்தையின் நினைவு எப்போது மாறியது என்பது.

"ஒரு மணிக்கு" என்றேன்.

"இல்ல டாக்டர். காலைல ஏழு மணிக்கே எங்களத் தெரியல" என்றாள் மனைவி. என் பக்கம் திரும்பவில்லை. டாக்டரம்மா அதை எழுதிக்கொண்டார்.

ஸ்கேன் எடுத்தார்கள். முதுகுத்தண்டில் நீர் எடுத்தார்கள். கிருமி மூளைக்குள் நுழைந்ததாகத் தெரியவில்லை, அதை எதிர்த்து உடம்பு போடும் சண்டையிலேயே மூளை வீங்கிவிட்டது என்று டாக்டரம்மா மலையாளத்தில் பொறுமையாகச் சொன்னார். "காய்ச்சல் குறைந்ததை வைத்து முடிவு செய்யக்கூடாது. பிள்ளைக்கு ஆள் தெரிகிறதா, எழுப்பினால் எழுந்திருக்கிறதா, அதைத்தான் பார்க்கவேண்டும்." காலையிலேயே வந்திருந்தால் சரியாகியிருக்குமா என்று கேட்டேன். "சொல்ல முடியாது" என்றார். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

ஐசியுவில் தினமும் பத்து நிமிடம் பார்க்க விட்டார்கள். வீக்கம் குறைய மருந்து, வெட்டு வராமலிருக்க மருந்து, மூச்சுக்கு மிஷின். எல்லாம் மற்றவர்கள் செய்தார்கள். காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டதைத் தவிர எனக்கு வேலையில்லை. நானும் மனைவியும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். ஏழு மணியைப் பற்றி இருவரும் பேசவில்லை.

ஒன்பதாம் நாள் கண் திறந்தாள். அம்மாவை அடையாளம் தெரிந்தது. என்னைத் தெரிய இன்னும் நான்கு நாள் ஆனது.

இப்போது நான்காம் வகுப்பில் இருக்கவேண்டியவள், இரண்டாம் வகுப்பிலேயே உட்கார்கிறாள். இடது கால் சற்று இழுக்கிறது. வெட்டு மாத்திரையை நான்தான் கொடுக்கிறேன், ஒரு வேளைகூடத் தவறாமல். போன வாரம், காய்ச்சலுக்கு முன்பு எழுதிய தன் பழைய நோட்டை எடுத்துவந்தாள்.

"இது யாரு எழுதுனதுப்பா?"

"நீதாம்மா."

"நானா? இவ்ளோ அழகாவா?"

எழுத்துகளின் மேல் விரலை வைத்து, ஒவ்வொன்றாக நகர்த்திப் பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.