நீல பஸ் வராத சனிக்கிழமை

பேச்சு சரியாக வரவில்லை என்று பள்ளிக்கூடத்தில் சேர்த்துக்கொள்ளாத என் தம்பிக்கு, சனிக்கிழமைகளில் ஒரு டீச்சர் எங்கள் ஊரான மண்ணூருக்கே வந்து சொல்லிக்கொடுத்தார். அவனுக்குக் கம்பெனி பஸ் என்றால் உயிர். அதனால் பாடம் ரோட்டோரத்தில்தான். கம்பெனி ஆட்களை வேலைக்கு ஏற்றிப் போகிற ஷிப்ட் பஸ்களின் நிறத்தைச் சொல்வான். அவன் பேசிய வார்த்தைகளே அந்த நிறங்கள்தான்.

“இன்னாடா செக்கரு, வண்டியெல்லாம் கரெக்டா வருதா?” என்று சீண்டுவேன். சிரிப்பான்.

முதலில் நீல பஸ் வரும். அதைச் சொன்ன பிறகுதான் மற்ற நிறங்களைச் சொல்வான். திடீரென்று அந்த நீல பஸ் விட்ட கம்பெனியை மூடிவிட்டார்கள். அந்தச் சனிக்கிழமை நீல பஸ் வரவில்லை. வெள்ளை போனது, மஞ்சள் போனது; அவன் வாயே திறக்கவில்லை. டீச்சர் நீலத் தாளைக் காட்டினார். தட்டிவிட்டான்.

“செக்கரு, வண்டி பிரேக்டவுன்டா” என்றேன். சிரிக்கவில்லை.

“பஸ் ஏன் வரலைன்னு இவனுக்கு எப்படித் தம்பி சொல்றது?” என்று என்னிடம் கேட்டார் டீச்சர்.

“அவன் கேட்டாதான மேடம் சொல்றதுக்கு?”