எண்ணெய்க் கையும் எச்சில் பட்டையும்

குற்றாலத்தில் அருவிக்குப் போகும் வழியில் எண்ணெய் தேய்த்துவிடுபவர் அவர். கை எப்போதும் மினுமினுக்கும்; இடுப்பில் ஈரத் துண்டு. யாருடைய முதுகில் கை வைத்தாலும் முதலில் "எந்த ஊரு?" என்று கேட்பார். பாலக்காடு என்று பதில் வந்தால் மட்டும் கை ஒரு நொடி நின்றுவிடும். பிறகு மெதுவாகத் தேய்ப்பார்.

குளிப்பதற்கு முன்னும் பின்னும் எச்சிலில் மன அழுத்த ஹார்மோனை அளக்கும் சிறு கருவியோடும், எச்சிலில் நனைத்து அதில் செருகும் காகிதப் பட்டைகளோடும், கல்லூரி ஆய்வுக்காக அந்த சீசனில் அங்கே இருந்தேன். கூட்டம் குறைந்த ஒரு மதியம் தனக்கும் பார்க்கச் சொன்னார். முதல் பட்டையை எண்ணெய் விரலால் தொட்டுக் கெடுத்தார். அடுத்ததை நானே அவர் நாக்கடியில் வைத்தேன்.

"ரொம்பக் கம்மியாத்தான் இருக்கு அண்ணாச்சி. மனசுல பாரமே இல்லேன்னு காட்டுது."

நல்ல சேதி சொல்வதாகத்தான் நினைத்தேன். அவர் முகம் சுண்டிவிட்டது.

"இன்னொருக்க பாருங்க தம்பி."

பார்த்தேன். அதேதான்.

"அப்பம் அவள நான் மறந்துட்டேன்னா சொல்லுது இது?"

யாரை என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. "இது ஏக்கத்தையெல்லாம் காட்டாது அண்ணாச்சி" என்றேன். அவர் நம்பவில்லை. கருவியைத் தூக்கி அருவியில் வீசிவிடலாமா என்றிருந்தது எனக்கு.

அதற்குள் ஒருவர் சட்டையைக் கழற்றிவிட்டு அவர் முன்னால் வந்து உட்கார்ந்தார்.

"எந்த ஊரு?"

"பாலக்காடு."

கை நின்றது. என் பையில் இன்னும் ஒரு பட்டை இருந்தது. அதைப் பிரிக்க எனக்கு மனம் வரவில்லை.