ஃப்ரீசர் பெட்டியில் ஒட்டியிருந்த படம்

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியதும் உங்களில் பலர் முதல் பக்கத்தைப் புரட்டி, நம் தொகுதி எம்.எல்.ஏ.வின் படத்தையும் அவருடைய இரங்கல் செய்தியையும் தேடியிருப்பீர்கள். இரண்டும் இல்லை. அச்சகத்தில் விட்டுப்போகவில்லை, நான்தான் போட வேண்டாம் என்றேன். மூலக்குளத்துச் சித்தப்பா அதற்காக என்னோடு பேச்சையே நிறுத்திவிட்டார். "இன்னாம்மா இது, அவரு படம் இல்லாம ஒரு மலரா? ஊரு இன்னா பேசும்?" என்று கேட்டவர், பதிலுக்குக்கூட நிற்காமல் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார். போகிற போக்கில் இன்னொன்றும் சொன்னார், அதைக் கடைசியில் எழுதுகிறேன். அக்கா மறைந்து ஓராண்டு ஆகிறது. இது நல்லதை மட்டும் எழுத வேண்டிய இடம் என்று எனக்கும் தெரியும். நல்லதை எழுதுவேன், உள்ளதையும் எழுதுவேன்.

அக்கா பிறந்தது முத்தியால்பேட்டையில், இன்று நான் முன்னறையில் தையல் கடை வைத்திருக்கும் இதே வீட்டில்தான். அப்பா மில் தொழிலாளி. அக்கா பள்ளி இறுதி வகுப்பில் இருந்தபோது மில்லை மூடினார்கள். அம்மா வாசலில் இட்லிக் கடை போட்டார். விடியற்காலையில் மாவு கரைத்துக் கொடுத்துவிட்டு, அந்தக் கையோடு பள்ளிக்கூடம் போவார் அக்கா. அப்படிப் படித்துத்தான் சிவில் என்ஜினீயரிங் முடித்தார், பிறகு ஒரு பாலிடெக்னிக்கில் ஆசிரியரானார். எனக்குப் படிப்பு ஏறவில்லை. அதற்காக அவர் என்னை ஒரு சொல் குறைத்துப் பேசியதில்லை. நான் தைத்த ரவிக்கையைத் தவிர வேறு ரவிக்கை அவர் உடம்பில் ஏறியதும் இல்லை. ஏன் கல்யாணம் வேண்டாம் என்கிறாய் என்று கேட்டால், "உன் புள்ளைங்க என் புள்ளைங்க இல்லியாடி?" என்று வாயை அடைத்துவிடுவார்.

அவருடைய படிப்பு நம் குடும்பத்தில் யாருக்குத்தான் பயன்படவில்லை? எந்தப் பிள்ளையை எந்தக் கல்லூரியில் சேர்க்கலாம் என்று கேட்க இங்கே வந்தீர்கள். மாப்பிள்ளை படித்த படிப்புக்கு நிஜமாகவே வேலை கிடைக்குமா என்று விசாரிக்க வந்தீர்கள். சித்தப்பா மூலக்குளத்தில் வீடு கட்டியபோது, மேஸ்திரி போட்ட மாடிப்படியை நம்பாமல் அக்காவை ஆட்டோ வைத்து அழைத்துப்போய்க் காட்டினார். அக்கா சொன்ன பிறகு அதை இடித்துவிட்டு வேறு கட்டினார். ஒரு மாடிப்படிக்கு அவ்வளவு யோசித்த மனிதர் அவர்.

நம் தெருக்கோடி வாய்க்கால் எல்லோருக்கும் தெரியும். அதன்மேல் சிலாப் போட்டு, எம்.எல்.ஏ.வின் ஆட்கள் வரிசையாகக் கடைகள் கட்டினார்கள். அதற்குப் பிறகு மழை கொஞ்சம் வலுத்தாலே தண்ணீர் போக வழியில்லாமல் வீடுகளுக்குள் வர ஆரம்பித்தது. எங்கே அடைப்பு, எதை எடுத்தால் தண்ணீர் வடியும் என்று அக்கா வரைபடம் போட்டுக்கொண்டு எம்.எல்.ஏ.வைப் பலமுறை போய்ப் பார்த்தார். அவர் எழுந்து நின்று வரவேற்பார், டீ வரவழைப்பார். "டீச்சர் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்பார். வாய்க்காலில் ஒரு கல்லும் நகரவில்லை. நடையாய் நடந்து அலுத்துப்போய்த்தான் அக்கா தேர்தலில் சுயேச்சையாக நின்றார். தையல் மெஷின் சின்னம் கிடைத்தது. "உன் கடைக்கு ஓசி விளம்பரம்டி" என்று சொல்லிச் சிரித்தார். அதன்பின் அப்படி அவர் சிரித்ததை நான் அதிகம் பார்க்கவில்லை.

பிரசாரம் என்று அவர் செய்தது இதுதான். ஒரு தகரத் தட்டில் களிமண்ணால் நம் தெருவையும் வாய்க்காலையும் செய்துகொண்டு, சந்துக்குச் சந்து போய், செம்பால் தண்ணீர் ஊற்றிக் காட்டினார். கடைகள் என்று வைத்திருந்த செங்கல் துண்டை எடுத்ததும் தண்ணீர் சரசரவென்று ஓடும். எல்லோரும் ஆவென்று பார்ப்பார்கள். ஒரு சந்தில் ஒரு பெண் கேட்டார்: "அதெல்லாம் சரிங்க டீச்சர், எங்க வூட்டு நல்லது கெட்டதுக்கு நீங்க வருவீங்களா?"

"வர முடியாதும்மா. வேல இருக்கும்" என்றார் அக்கா.

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. நம் ஊர்த் தொகுதி கையகலம். காதுகுத்தோ கல்யாணமோ சாவோ, எம்.எல்.ஏ. வந்து நின்றால்தான் நமக்கு அது விசேஷம். வீட்டுக்கு வந்ததும் கேட்டேன்: "வரேன்னு ஒரு வார்த்த சொன்னா இன்னாக்கா கொறஞ்சிடும்?"

"பொய் சொல்லி ஜெயிக்கிறதுக்குத்தான் அவரு இருக்காரே. நான் வேற எதுக்குடி?"

நீங்கள் என் கடையில் உட்கார்ந்து பேசியதெல்லாம் என் காதில் விழுந்துகொண்டுதான் இருந்தது. அளவு எடுக்கும்போது யாரும் வாயை மூடிக்கொண்டு நிற்பதில்லை. "படிச்சது பாடம் நடத்தலாம், ஊரை நடத்த முடியுமா?" என்றீர்கள். சித்தப்பா என் முகத்தைப் பார்த்தே சொன்னார்: "எம் பொண்ணு மஞ்சத் தண்ணிக்கு அவரு தட்டு தூக்கினு வந்தாரு. உங்கக்கா போன்ல வாழ்த்து அனுப்பிச்சா. பிரெஞ்சுக்காரன் காலத்து வாய்க்கா அது, இவ இன்னா புதுசா கண்டுபுடிச்சிட்டா?" மாடிப்படியை இடிக்கச் சொன்னபோது அவருக்கு இந்தச் சந்தேகம் வரவில்லை.

முடிவு வந்தது. நம் வீட்டுக் கல்யாணத்தில் ஒரு பந்தியில் உட்கார்ந்து எழுகிறவர்கள் அளவுக்குக்கூட அக்காவுக்கு ஓட்டு விழவில்லை. என் ஆத்திரத்தில் நான், "படிப்பும் இல்ல, மூளையும் இல்ல, அந்தாளுக்குப் போய் ஓட்டுப் போட்டிருக்குதுங்க பாரு" என்று கத்தினேன். அக்கா என்னை அடக்கினார். எம்.எல்.ஏ. என்ன படித்தவர் என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. "மூளை இல்லன்னு சொல்லாத. இந்தத் தொகுதியில எந்த வூட்ல எப்ப திதி, எந்தப் பொண்ணு எப்ப வயசுக்கு வந்துச்சுன்னு எல்லாம் அவரு தலைல இருக்குது. எனக்கு என் கிளாஸ் பசங்க பேரே மறந்துபோவுது. அந்த மூளைய எதுக்கு வெச்சிருக்காருன்னுதான் யாரும் கேக்கல" என்றார். பிறகு தகரத் தட்டைக் கழுவித் துடைத்து மாடத்தில் வைத்துவிட்டு, கஞ்சி குடித்துவிட்டுப் படுத்தார். அந்தத் தட்டை அவர் மறுபடி எடுக்கவே இல்லை.

சென்ற ஆண்டு மழை. தெருவில் முட்டிக்கு மேல் தண்ணீர். பிற்பகலில் பீரோவின் கீழ்த் தட்டிலிருந்த புடவைகளை மேலே ஏற்றிக்கொண்டிருந்த அக்கா, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தார். ஆம்புலன்ஸ் உடனே வந்துவிட்டது, ஆனால் மெயின் ரோட்டோடு நின்றுவிட்டது. அதற்குமேல் தண்ணீரில் வர வழியில்லை. பெரிய மார்க்கெட்டில் மீன் விற்கும் எதிர்வீட்டு அஞ்சலை போட்ட சத்தத்தில்தான் ஆட்கள் ஓடி வந்தார்கள். பிளாஸ்டிக் நாற்காலியில் அக்காவை உட்கார வைத்துத் தூக்கிக்கொண்டு போனோம். அந்தக் கடைகளைத் தாண்டும்போது அக்கா தலையைத் திருப்பிப் பார்த்தார். "இங்கதான்டி அடைப்பு" என்றார். அவர் பேசியது அதுதான் கடைசி. ஆம்புலன்ஸ் கதவு வரை போனோம். உள்ளே ஏற்ற வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

சுடுகாட்டுப் பாதையிலும் தண்ணீர். மறுநாள் வரை அக்காவை வீட்டில் வைத்திருக்க வேண்டியதாயிற்று. நாங்கள் யாருக்கும் சொல்வதற்கு முன்பே எம்.எல்.ஏ. வந்துவிட்டார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, முட்டித் தண்ணீரில் நடந்து, பின்னால் ஆட்கள் ஃப்ரீசர் பெட்டியையும் ஜெனரேட்டரையும் தூக்கிவர வந்தார். பெட்டியின் கண்ணாடி மூடியில், கும்பிட்ட கையோடு அவர் சிரிக்கும் படம் ஒட்டியிருந்தது. அந்தச் சிரிப்புக்கு நேர் கீழே அக்காவின் முகம். வாழ்நாளில் அவரிடம் ஒன்றும் வாங்காத அக்கா.

கடையிலிருந்து கத்தரிக்கோலைக் கொண்டுவந்து அந்தப் படத்தைச் சுரண்டினேன். "இன்னாம்மா பண்ற, அவரு பாக்குறாரு!" என்று சித்தப்பா என் கையைப் பிடித்தார். "வுடுங்க அண்ணே, துக்கத்துல இருக்காங்க" என்றார் எம்.எல்.ஏ. அப்போது அவர் கண்ணில் தண்ணீர் இருந்தது. அது நடிப்பு என்று நான் சொல்ல மாட்டேன். அவர் நிஜமாகவே அழுதார், அதுதான் எனக்கு இன்னும் வயிற்றெரிச்சல். நீங்களோ, "எதிர்த்து நின்னவங்க சாவுக்கே முட்டித் தண்ணில வராரு பாரு, மனுஷன்னா இவருதான்" என்று என் காதுபடப் பேசினீர்கள். அந்தத் தண்ணீர் ஏன் அங்கே நின்றது என்று வந்திருந்தவர்களில் ஒருவரும் கேட்கவில்லை. கேட்கக்கூடியவர் பெட்டிக்குள் இருந்தார்.

நன்றி சொல்ல வேண்டியவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். அஞ்சலைக்கும், நாற்காலியைத் தூக்கி வந்த தெருக்காரர்களுக்கும், பாதி வழி வரை தண்ணீரில் எதிரே ஓடி வந்த ஆம்புலன்ஸ் தம்பிக்கும், எங்கெங்கிருந்தோ வந்து அழுத அக்காவின் மாணவர்களுக்கும், ஈரத்தில் நின்று காரியம் முடித்துக்கொடுத்த உறவினர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. பெட்டிக்காக எம்.எல்.ஏ.வுக்கும் நன்றி. படம் போட மாட்டேன், நன்றி சொல்லாமல் இருக்க மாட்டேன்.

இந்த ஆண்டு மழை ஆரம்பித்துவிட்டது. வாய்க்கால் மேல் கடைகள் அப்படியேதான் இருக்கின்றன. எம்.எல்.ஏ. எப்பேர்ப்பட்டவர் என்று எனக்குப் புரிய வைப்பதற்காக, வண்டியைக் கிளப்பும்போது சித்தப்பா பெருமையோடு சொன்னது இது:

"இந்த மழைக்கு ஒண்ணு பத்தாதுன்னு, அவரு இப்பவே ரெண்டாவது பெட்டி வாங்கி வெச்சிட்டாரும்மா."

தங்கை,
முத்தியால்பேட்டை.