மகளுக்குச் சொன்ன ஊர்ப் பெயர்கள்

மருத்துவமனையிலிருந்து ஃபெரித் துறைக்கு நடந்துகொண்டிருந்தேன். தோளில் ஒரு பை. அதற்குள் இரண்டு சட்டை, ஒரு கைலி, நூலில் கோத்த கண்ணாடி வளையல்கள். அக்கரையில் பட்டர்வொர்த்தில், ஜொகூர் போகிற லாரி சரக்கு ஏற்றிக்கொண்டிருந்தது. அதில் நான்தான் கெலிண்டான், டிரைவருக்குத் துணையாள். மூன்றாம் படிவத்தோடு பள்ளியை விட்டதிலிருந்து எனக்குப் பழகிய வழி அதுதான். ஓரிடம் சரிப்படவில்லை என்றால் அடுத்த வண்டியில் ஏறிவிடுவேன்.

மகள் ஏழாம் மாதத்திலேயே பிறந்துவிட்டாள். வளைகாப்புக்கு வளையல்கூட வாங்கி வைத்திருந்தேன். வயிற்றுப் பிள்ளை அம்மாவின் வளையல் சத்தத்தைக் கேட்டு வளரும் என்று எங்கள் வீடுகளில் சொல்வார்கள். பிள்ளை முந்திக்கொண்டதால் விசேஷம் நடக்கவில்லை. அவள் கேட்க வேண்டியதைக் கேட்காமல் போய்விடக் கூடாதே என்று, அன்று காலை நானே வளையல்களை நூலில் கோத்து, இன்குபேட்டரில் கை நுழைக்கிற துளையருகே குலுக்கினேன்.

பிள்ளைக்குத் தூக்கிவாரிப் போட்டது. என் விரல் பருமன்கூட இல்லாத கைகள் இரண்டும் விரிந்து நடுங்கின. முகம் நீலம் பூத்தது. மானிட்டர் கத்தத் தொடங்கியது. "ஜாங்கான்! ஜாங்கான்!" என்று, வேண்டாமென மலாயில் கத்திக்கொண்டே தாதி ஓடிவந்து என்னைத் தள்ளிவிட்டார். சிறிது நேரத்தில் எல்லாம் சரியாகிவிட்டது. ஆனால் அந்தச் சின்னத் தலைக்குள் எதையோ உடைத்துவிட்டேன் என்றுதான் எனக்குத் தோன்றியது. நான் பக்கத்தில் இல்லாமல் இருப்பதே அவளுக்கு நல்லது என்று பையை எடுத்துக்கொண்டு வார்டை விட்டு இறங்கிவிட்டேன்.

துறை கண்ணுக்குத் தெரிந்தபோது மனைவி போன் செய்தாள்.

"எங்க இருக்கீங்க?"

"ஃபெரிகிட்ட."

"புள்ளைய பயமுறுத்திட்டு அப்பன் ஓடிட்டான்னு வார்டே சிரிக்குது. டாக்டரம்மா உங்களப் பாக்கணுமாம். சீக்கிரம் வாங்க லா."

டாக்டரம்மா என்று அவள் சொன்னது பல்கலைக்கழகத்திலிருந்து வருகிறவரை. குறைமாதப் பிள்ளைகளுக்கு என்ன கேட்கிறது, எதை அடையாளம் தெரிகிறது என்று ஆராய்ச்சி செய்கிறவர். நம் ஆள்தான். திட்டு வாங்கத் தயாராகத் திரும்பிப் போனேன். அவரோ வளையலை வாங்கிப் பார்த்துச் சிரித்தார்.

"நம்மாளுங்க சொன்னது சரிதான் அண்ணே. இந்த மாசத்துல காது கேக்கும். ஆனா வயித்துக்குள்ளன்னா தண்ணி, சதையெல்லாம் தாண்டி மெதுவா வரும். வெளிய அதே சத்தம் ஆணி அடிக்கிற மாதிரி."

"மூளைக்கு ஏதும் ஆயிருக்குமா?"

"ஒரு தடவை பயந்ததுக்கெல்லாம் ஒண்ணும் ஆகாது. தினமும் கேக்குறதுதான் மூளையில பாதை போடும். அதுக்கு வளையல் வேணாம். உங்க குரல் போதும்."

"என் குரல் அவளுக்குத் தெரியாதே. அவ வயித்துல இருந்தப்ப நான் ரோட்டுல இருந்தேன்."

"அம்மா குரல் உள்ள இருந்தே பழகியிருக்கும். உங்களோடது இனிமே பழகும். ஆனா ஒரு நாள் வந்துட்டு ஒரு மாசம் காணாமப் போனா பழகாது." குத்தலாகச் சொல்லவில்லை. வெயிலில் வைத்தால் துணி காயும் என்பது போலச் சொன்னார்.

கையை முழங்கை வரை தேய்த்துக் கழுவி, துளை வழியாக உள்ளே விட்டு, அவள் தலைமேல் மூடினாற்போல் வைத்தேன். தாலாட்டு எனக்குத் தெரியாது. தெரிந்ததை மெல்லச் சொன்னேன். "பட்டர்வொர்த், புக்கிட் தெங்கா, தைப்பிங், ஈப்போ, தாப்பா, தஞ்சோங் மாலிம்..."

"பொறந்ததும் பொறக்காததுமா ஊர் சுத்தக் கத்துக்குடுக்குறீங்களா?" என்றாள் மனைவி.

இரண்டாம் முறை ஈப்போவைத் தாண்டும்போது பிள்ளையின் மூச்சு சீரானது. என் குரலாலா, கைச் சூட்டாலா, இல்லை வெறும் தூக்கமா என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். "தெரியாது அண்ணே. நாளைக்கும் வாங்க, பாப்போம்" என்றார். என்னை நாளைக்கும் வரச் சொன்ன இடங்கள் அதிகமில்லை. அந்த ஒரு சொல்லுக்காக அவரை இன்றும் நன்றியோடு நினைக்கிறேன்.

லாரிக்காரருக்குப் போன் செய்து, வரவில்லை என்றேன். நன்றாக ஒரு கெட்ட வார்த்தை சொல்லிவிட்டு, "புள்ளையப் பாருடா" என்று வைத்தார். அவருக்கும் நன்றி.

மறுநாள் காலை ஜெலுத்தோங் சந்தையில் வேலை கேட்டு நின்றேன். மீன்கடைச் சீனர் அப்போதே வரச் சொன்னார். நல்ல சம்பளம். ஆனால் பிறந்த பிள்ளைக்கு ஆளின் வாசனையும் பழகும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். மீன் வாடை எத்தனை சோப்புப் போட்டாலும் போகாது. சில கடைகள் தள்ளி, தேங்காய் துருவுகிற கடையில் சேர்ந்தேன். சம்பளம் குறைவுதான். மத்தியானத்துக்குள் வேலை முடிந்துவிடும். அங்கிருந்து மருத்துவமனைக்கு ஒரே பஸ்.