பின்னறையில் வாசித்த நாவல்

சாய்ந்தமருதில் இருக்கும் கைருன்னிஸா ஒரு நாவல் பைத்தியம். பகலில் ளுஹர் தொழுதுவிட்டுப் புத்தகத்தோடு சாய்ந்தால் பின்னேரம் அஸர் பாங்கு கேட்கும் வரை எழும்ப மாட்டாள். காதல் கதை அவளுக்கு ஆகாது. மாமி மருமகள் சண்டை, காணித் தகராறு, பள்ளிவாசல் கூட்டம் என்று நம் சனத்தின் சங்கதி இருந்தால்தான் நூலகத்திலிருந்து புத்தகம் வீட்டுக்கு வரும்.

இந்த முறை வந்த நாவல் அவளைப் போட்டுக் குழப்பிவிட்டது. அதில் ஒரு தாய், ஊர் வழக்கப்படி தான் கட்டிய வீட்டை மகளுக்குச் சீதனமாக எழுதிக் கொடுத்துவிட்டுப் பின்னறைக்குப் போகிறாள். பிறகு பிரிஜ்ஜைத் திறக்கக்கூட மகளிடம் கேட்கிறாள். அவளுக்காகக் கைருன்னிஸா இரண்டு நாள் மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதாள். மூன்றாம் நாள்தான் உறைத்தது. மகள் பஸ்மிலாவின் கலியாணத்தோடு இந்த வீடும் அவள் பெயருக்குப் போய்விட்டது. தானும் பதினொரு வருடமாகப் பின்னறையில்தான் இருக்கிறாள்.

அப்படியென்றால் தானும் பாவமா? இதுவரை ஒருவரும் சொல்லவில்லையே. பஸ்மிலா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தால், பாசத்தில் வைக்கிறாளா கடமைக்கு வைக்கிறாளா என்று கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தாள். தேத்தண்ணி ஆறியதுதான் மிச்சம். நிம்மதியாக இருந்த மனுஷிக்கு அந்த எழுத்தாளர் வைத்த வேலை இது.

கடைசியில் சோதித்துப் பார்த்துவிடத் துணிந்தாள்.

"மகள், பிரிஜ்ஜத் திறக்கட்டா?"

பஸ்மிலா மீன் வெட்டிய கையோடு திரும்பினாள். "உங்கட வீட்டுல என்னட்டயா கேக்கிறீங்க?"

பஸ்மிலாவின் முகம் கறுத்துப்போனது. அன்று பகல் சாப்பிடவும் இல்லை. மகள் பட்டினி கிடப்பதாக அந்த நாவலில் ஒரு வரிகூட இல்லை. கைருன்னிஸாவுக்கு வெட்கமாகப் போய்விட்டது. பின்னேரம் புத்தகத்தை மகளிடம் கொடுத்து, எல்லாம் இதால் வந்த வினை என்றாள்.

பஸ்மிலா நான்கு நாளில் வாசித்து முடித்தாள். ஐந்தாம் நாள் பின்னறைக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்தாள். அவளுடைய ஏழு வயது மகள் றிஸ்லா முற்றத்தில் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்தாள். அவளைப் பார்த்தபடியே பஸ்மிலா கேட்டாள்.

"றிஸ்லாக்கு வீட்டக் குடுத்தாப்புறகு நான்தானே இந்த அறைக்கு வரணும் உம்மா? இங்க எப்பிடி இருக்கும்?"

சந்தோஷம் என்றால் மகள் நம்பமாட்டாள். துக்கம் என்றால் தாங்கமாட்டாள். கைருன்னிஸா தலையணையைத் தட்டினாள், போர்வையை மடித்தாள், பிறகுதான் வாய் திறந்தாள்.

"வாசிக்கக்குள்ளதான் அழுதன் மகள். இங்க இருக்கக்குள்ள அழல்ல. இதுல எது உண்மையெண்டு எனக்கும் விளங்கல்ல."